அடுத்த கைக்கு உரிய கடமை

உலகில் ஒரு பொருளோடு மனிதன் கொள்ளும் சம்பந்தம் மூன்று வகைப்படும். ஒருவன் அதனை ஆக்குகிறான்; மற்றொருவன் அதனை வாங்கி உபயோகிக்கிறான்; வேறொருவன் அது பழுதுற்ற காலத்துச் செப்பனிடுகிறான். ஆக்கியவனுக்குப் புகழும், வாங்கியவனுக்கு மதிப்பும் கிடைக்கின்றன. செப்பனிடுவோனுக்குக் கிடைப்பதோ கை நிறைய எண்ணெய்க் கறையும், "இன்னும் முடியவில்லையா?" என்னும் அதட்டலுமேயாம். ஆக்கியோன் பெயர் யந்திரத்தின் நெற்றியில் வார்ப்பெழுத்தாக நிற்கிறது. செப்பனிட்டோன் பெயரை அதில் தேடினால் காண முடியாது.

இது நியாயமா என்று கேட்பதற்கு முன் வேறொரு கேள்வி எழுகின்றது. ஒரு பொருளைச் செய்த கம்பெனியே, "இனி இதனைச் செய்யமாட்டோம், இதற்கு உதிரிப் பாகமும் கொடுக்கமாட்டோம்" என்று கைவிட்டுவிட்டது. அத்தகைய பொருளைச் செப்பனிட்டுக் காப்பது நமக்குக் கடமையா? அன்றி அது வெறும் கஞ்சத்தனமா, பழமைப் பித்தா? கடமை என்போமாயின், யாருக்குச் செய்யும் கடமை? இரும்புக்கு நாம் கடன்பட்டவர்களா?

இத்தகைய கேள்விகளை ஆகாயத்தில் நிறுத்திப் பேசினால் முடிவு காண்பது அரிது. ஆதலின் ஒரு யந்திரத்தை முன்வைத்துக்கொண்டு ஆராய்வோம். தோட்டத்துத் தச்சுக் கொட்டகையிலும் நகரத்து மரப்பட்டறையிலும் நாம் காணும் மேஜை ரம்பமே அது.

இதனை அறியாத அன்பர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லுகிறேன். மட்டமான இரும்பு மேஜை ஒன்று. அதன் நடுவில் நீண்ட பிளவு. அப்பிளவின் வழியே வட்டமான ரம்பத்தகடு மேலே தலைகாட்டிச் சுழலும். தச்சர் பலகையை மேஜைமீது கிடத்தி ரம்பத்தை நோக்கித் தள்ளுவார். 10 அங்குல விட்டமுள்ள தகடு நிமிடத்திற்கு 4000 சுற்றுச் சுற்றுமாயின், அதன் பல்நுனி மணிக்கு ஏறக்குறைய 190 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அந்த வேகத்திற்கு மரமும் விரலும் ஒன்றுதான்.

ரம்பம் மேஜைக்குமேல் எவ்வளவு உயரம் நிற்கவேண்டும் என்பதே இவ்வேலையின் உயிர்நிலை. மெல்லிய பலகைக்குச் சிறிதும், தடித்த சட்டத்திற்கு மிகுதியும் வேண்டும். காடி எடுக்கும்போது கால் அங்குலம் என்றால் தொடக்கம் முதல் முடிவுவரை கால் அங்குலமே நிற்றல் வேண்டும். இதற்காக மேஜையின் முன்புறத்தில் ஒரு கைச்சக்கரம் உண்டு. அதன் தண்டில் திருகு போன்ற பல் அமைந்திருக்கும். பட்டறைக்காரர் அதனை 'வார்ம்' என்பர். அத்திருகு, விசிறிபோல் விரிந்த ஒரு வார்ப்பிரும்புத் துண்டின் விளிம்பிலுள்ள பற்களைக் கவ்விக்கொண்டிருக்கும். அந்த விசிறியோ ரம்பத்தின் அச்சைத் தாங்கும் கையோடு இணைந்தது. சக்கரத்தைச் சுற்றினால் திருகு சுழலும். திருகு சுழல விசிறி அசையும். விசிறி அசைய ரம்பம் எழும், அல்லது தாழும்.

இவ்வமைப்பின் சிறப்பு யாதெனில், திருகு விசிறியை அசைக்கும், விசிறி திருகை அசைக்க இயலாது என்பதே. ரம்பத்தின் பாரமும் மோட்டாரின் பாரமும் எவ்வளவு அழுத்தினும் கை வைத்த உயரம் அப்படியே நிற்கவேண்டும். அமெரிக்காவில் மில்வாக்கி நகரத்து டெல்டா கம்பெனி 1939ஆம் ஆண்டில் வெளியிட்ட 'யூனிசா' என்னும் ரம்பம் இவ்வகைக்குப் பேர்பெற்ற உதாரணம். 1940களில் வார்க்கப்பட்ட யூனிசாக்கள் இன்றும் பல பட்டறைகளில் ஓடுகின்றன என்பதொன்றே, பராமரிப்பு எத்தனை ஆண்டுகளைக் கொடுக்கவல்லது என்பதற்குப் போதிய சான்று.

ஆனால் இவ்வமைப்பு இருக்கும் இடம் மேஜைக்கு அடியில். அறுக்கும் மரத்தூளெல்லாம் அதன் தலையிலேயே விழுகிறது. திருகு இலகுவாகச் சுழலட்டும் என்று யாரோ கிரீஸ் தடவுகிறார். கிரீஸில் தூள் ஒட்டுகிறது. நம் நாட்டு ஈரக்காற்று அதனோடு சேருகிறது. நாளடைவில் அது கல்லுப்போல இறுகிப் பற்களின் இடைவெளியை அடைத்துவிடுகிறது. திருகு ஆழமாகப் பதியாமல் பல்நுனியில் மட்டும் பற்றி நிற்கிறது. அவ்வாறு பற்றிய பல் தேயும். தேய்ந்த பல் ஒரு நாள் உடையும்.

நிற்க. நான் ஜோகூரில் செம்பனைத் தோட்டம் ஒன்றில் கிராணியாக இருப்பவன். தோட்டத்துச் சாமான் விஷயமாகவும் உறவினரைக் காணவும் சிங்கப்பூருக்கு வருவதுண்டு. சுங்கை காடுட் வட்டாரத்தில் தமிழர் ஒருவர் நடத்தும் சிறு மரப்பட்டறை எனக்குப் பழக்கமான இடம். பட்டறையின் முதலாளியான பெரியவரும், தொழிற்கல்லூரியில் படித்த அவருடைய தங்கை மகனும், தமிழ்நாட்டிலிருந்து வந்த இரண்டு தொழிலாளரும் அங்கே வேலை செய்கின்றனர். அவர்களுடைய மேஜை ரம்பம் மேற்சொன்ன வகையைச் சேர்ந்தது. அதைச் செய்த கம்பெனி அம்மாதிரியை நிறுத்திப் பல்லாண்டுகள் ஆயின. விற்ற கடையில் பாகம் கேட்டால், "புதிது வாங்குங்கள்" என்பதே விடை.

அந்த ரம்பத்தில் கால் அங்குலக் காடி எடுத்தால், பலகையின் ஒரு முனையில் கால் அங்குலம் இருக்கும், மறுமுனையில் குறைந்திருக்கும். ஓடும் அதிர்ச்சியில் ரம்பம் மெல்லக் கீழே இறங்கிற்று. பெரியவர் இதற்கு ஓர் உபாயம் கண்டிருந்தார். உயரத்தை வைத்தபின் மேஜைக்கு அடியில், அச்சைத் தாங்கும் கைக்குக் கீழே, ஒரு தேக்கு ஆப்பைச் செருகிவிடுவார். எந்த அளவு இறுக்கவேண்டும் என்பது அவர் விரலுக்குத் தெரியும். மூன்று ஆண்டுகள் அந்த ஆப்போடு வேலை நடந்தது. குறை சொன்னவர் யாரும் இல்லை.

ஒரு நாள் பெரியவர் உடம்புக்கு முடியாமல் வீட்டில் இருந்தார். தொழிலாளருள் இளையவன், அவர் செய்வதைக் கண்டிருந்தபடி ஆப்பைச் செருகி ரம்பத்தை ஓட்டினான். பாதிப் பலகை அறுபட்டபோது ஆப்பு நழுவிற்று. ரம்பம் சரேலென்று தாழ்ந்தது. பலகை அறுபடாமல் பற்களின்மேல் ஏறி, அவன் இடுப்பருகே பின்னோக்கிப் பாய்ந்து சுவரில் மோதிற்று. அவனுக்குக் காயமில்லை. ஆயினும் அன்று முழுவதும் அவன் அந்த மேஜையண்டை போகவில்லை.

மறுநாள் நான் சென்றபோது மாமனுக்கும் மருமகனுக்கும் வாதம் நடந்துகொண்டிருந்தது.

"மாமா, இதை எறிந்துவிட்டுப் புதிது வாங்குவோம்."

"இத்தனை காலம் ஒழுங்காக ஓடிற்றே, தம்பி?"

"நீங்கள் ஓட்டினால் ஓடிற்று, மாமா."

பெரியவர் இதற்கு உடனே மறுமொழி சொல்லவில்லை. நெடுநேரம் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்பு, "சரி, முதலில் திறந்து பார்ப்போம். எறிவதா வைப்பதா என்று அப்புறம் சொல்லு" என்றார்.

அந்த இளைஞன் தன்னையறியாமல் ஒரு பெரிய தத்துவத்தைச் சொல்லிவிட்டான் என்பது என் அபிப்பிராயம். நம்மில் எத்தனை பேர் வீட்டில் "இப்படி ஒரு தட்டுத் தட்டினால் ஓடும்" என்னும் மின்விசிறி இருக்கிறது! "இந்தப் பக்கம் பிடித்துத் தூக்கினால்தான் திறக்கும்" என்னும் கதவு இருக்கிறது! அந்தத் தந்திரம் தெரிந்தவன் தன்னைச் சமர்த்தன் என்று கருதிக்கொள்கிறான். ஆனால் அப்பொருள் செப்பனிடப்படவில்லை. அதிலுள்ள ஓட்டையை அவனுடைய ஞாபகம் அடைத்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவே. அவன் இல்லாத நாளில் ஓட்டை மறுபடியும் திறந்துகொள்ளும். அன்று அங்கே நிற்பவன் அவனாக இருக்கமாட்டான். சம்பளத்துக்கு வந்த ஏழைப் பிள்ளையாக இருப்பான்.

ஒருவன் கைக்கு மட்டும் அடங்கும் யந்திரம் பழுதுபார்த்த யந்திரம் ஆகாது. முன்பின் அறியாத அடுத்த கையும் அஞ்சாமல் தொடும்படி ஆனபோதே ஒரு பொருள் செப்பனிடப்பட்டதாகும். இவ்வளவையே இக்கட்டுரையில் நான் சொல்ல விரும்புகிறேன். மற்றவையெல்லாம் இதன் விளக்கம்.

அவர்கள் ரம்பத்தைத் திறந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். அதில் பாடம் உண்டு. முதலில் மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கி, ரம்பத்தகட்டைக் கழற்றி வைத்தனர். பின் கைச்சக்கரத்தையும் தண்டையும் வெளியே எடுத்தனர். மூன்று குறைகள் வெளிப்பட்டன. பற்களின் இடையில் பழைய கிரீஸும் தூளும் இறுகிக் கிடந்தன. மண்ணெண்ணெயும் பித்தளைத் தூரிகையும் கொண்டு தேய்க்க அவை நீங்கின. தண்டு முன்பின் நகராமல் தடுக்கும் வளையத்தின் திருகாணி தளர்ந்திருந்தது, அதை இறுக்கினர். மூன்றாவதே மெய்யான சேதம்: விசிறியின் நடுப்பகுதியில் மூன்று பற்கள் தேய்ந்திருந்தன, ஒன்று உடைந்திருந்தது.

நடுப்பற்கள் மட்டும் ஏன் தேயவேண்டும் என்று நான் கேட்டேன். பெரியவர் சிரித்தார். "கிராணியாரே, நாங்கள் அறுப்பதில் பெரும்பாலும் முக்கால் அங்குலப் பலகை. ஆகையால் ரம்பம் எப்போதும் ஏறக்குறைய ஓர் இடத்திலேயே நிற்கும். ஓரத்துப் பற்களுக்கு வேலையே இல்லை" என்றார். மூன்று குறைகளுள் இரண்டு காசு செலவில்லாமல் நீங்கியதைக் கவனிக்க வேண்டும். அவ்விரண்டையும் காலத்தில் நீக்கியிருந்தால் மூன்றாவது குறை தோன்றியே இராது. பராமரிப்பு என்பது பழுதுபார்ப்பதற்கு மூத்தது. ஆயினும் அதனை யாரும் ஒரு வேலையாகவே எண்ணுவதில்லை.

உடைந்த இடத்தில் பித்தளை உருக்கிப் பற்றவைத்து, அதனை அரத்தால் பல்லாக ராவினர். திருகின்மீது நீலமை தடவிச் சுழற்றினால், பல்லில் மேடான இடத்தில் நீலம் படியும். அவ்விடத்தை மட்டும் ராவுவது. மீண்டும் மை தடவிப் பார்ப்பது. இவ்வாறு இரண்டு நாள் சென்றது. பின் திருகையும் விசிறியையும் நெருக்கி அமைத்து, கிரீஸுக்குப் பதிலாகத் தூள் ஒட்டாத கிராபைட் பொடியும் மெழுகும் இட்டனர். உயரம் வைக்கும்போது ரம்பத்தைக் கீழிருந்து மேல்நோக்கியே கொண்டுவந்து நிறுத்தவேண்டும். மேலிருந்து இறக்கி நிறுத்தினால் பற்களிடையே உள்ள சிறு இடைவெளியில் அது பின்பு சற்று இறங்கும் என்று பெரியவர் தொழிலாளருக்குக் கற்பித்தார். இறுதியில் நீண்ட பலகையில் காடி எடுத்து இரு முனையும் அளந்தனர். அளவு ஒன்றாயிருந்தது. மருமகன் தேக்கு ஆப்பை எடுத்துக் குப்பைத்தொட்டியில் போட்டான்.

அவன் அத்தோடு விடவில்லை. "பலகை பின்னுக்குப் பாயாமல் தடுக்க, ரம்பத்தின் பின்னால் பிளவை விரித்து நிற்கும் தகடும், மேலே மூடியும் வேண்டும், அவை இல்லாமல் யாரும் இதைத் தொடக்கூடாது" என்றான். பெரியவர் இணங்கினார். தகடும் மூடியும் செய்து பொருத்தப்பட்டன. அபாயமான யந்திரப் பாகங்களுக்குக் காப்பு வேண்டும் என்பது சட்டமுமாகும். சிங்கப்பூரில் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2006 முதல் நடைமுறையில் உள்ளது.

ஈண்டு எதிர்வாதத்தையும் நேர்மையாக எடுத்துப் பேசவேண்டும். விரல் பட்டவுடன் கண் இமைக்கும் நேரத்துக்குள் தகட்டைப் பிடித்து நிறுத்திவிடும் ரம்பங்கள் 2004 முதல் அமெரிக்காவில் விற்பனையில் உள்ளன. அந்த நாட்டில் மேஜை ரம்பத்தால் ஆண்டுதோறும் சுமார் 30,000 பேர் காயமுறுகின்றனர் என்றும், அவர்களுள் சுமார் 4,000 பேர் விரலோ கையோ இழக்கின்றனர் என்றும் அரசாங்கத்தின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் கணக்குக் கூறியுள்ளது. பழைய யந்திரத்தில் இந்தப் புதிய காப்பை எளிதில் புகுத்த முடியாது. அவ்வாறிருக்க, பழையதைக் காப்பது மனித விரலைவிட இரும்பைப் பெரிதாக எண்ணுவதாகாதா என்று கேட்கலாம்.

இது தள்ளத்தக்க கேள்வி அன்று. பணம் உள்ளவனும், பழக்கமில்லாத கைகள் பலவற்றை வேலைக்கு அமர்த்துபவனும் புதியதை வாங்குவதே முறை என்று நான் கருதுகிறேன். எவ்வளவு செப்பனிட்டும் அடுத்த கைக்கு அபாயம் நீங்காதாயின், அப்பொருளை உடைத்து எறிவதே அறம். அதனை வைத்துக்கொண்டு சிக்கனம் பேசுவது பாவம். இரும்பின்பொருட்டு இக்கடமை ஏற்பட்டிருந்தால் எக்காலமும் காக்கவேண்டியதாகும். மனிதனின்பொருட்டு ஏற்பட்டதாகையால், காப்பதும் கைவிடுவதும் ஒரே கடமையின் இரண்டு முகங்கள். பழமையைக் கும்பிடுபவனுக்கும் புதுமைக்கு அலைபவனுக்கும் இது விளங்குவதில்லை. முன்னவன் பொருளின் வயதைப் பார்த்து வைத்துக்கொள்கிறான். பின்னவன் அதே வயதைப் பார்த்து எறிகிறான். அடுத்து அதைத் தொடப்போகும் கையை இருவரும் பார்ப்பதில்லை.

நம்மவரிடம் உள்ள ஒரு வழக்கத்தை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆண்டுக்கு ஒரு நாள் ஆயுத பூஜை என்று யந்திரத்துக்குச் சந்தனம் பூசிக் குங்குமம் இட்டு மாலை சூட்டுகிறோம். கருவிக்கு மரியாதை செய்யவேண்டும் என்ற எண்ணம் தவறானதன்று. ஆனால் மாலை சூட்டிய மேஜைக்கு அடியில் எட்டிப் பார்த்தவர் எத்தனை பேர்? ஒரு நாள் சந்தனம் பூசி மற்ற நாட்களில் தூளைத் துடையாமல் விடுவதைவிட, வாரம் ஒரு முறை துடைத்துச் சந்தனத்தை மறந்துவிடுவது மேலான மரியாதை. துடைப்பவனையும் ராவுபவனையும் கீழ்மகன் என்று ஒதுக்கிவிட்டு, அவன் கையிலுள்ள கருவியை மட்டும் கும்பிடும் சமூகத்தில் கருவியும் நெடுநாள் வாழாது.

இனி, பழம்பெரும் கேள்வி ஒன்றும் இவ்விஷயத்தோடு சேர்ந்து வரும். கிரேக்கர் தம் வீரன் தீசியஸ் என்பவனுடைய கப்பலைப் பாதுகாத்து வந்தனர். இற்றுப்போன பலகையை எடுத்துப் புதுப்பலகை வைத்துக்கொண்டே வந்தனர். பலகை பலவும் மாறியபின் அது அந்தப் பழைய கப்பல்தானா என்று தத்துவவாதிகள் வாதிட்டதாகப் புளூட்டார்க் எழுதியிருக்கிறார். பித்தளைப் பல் வைத்த நம் ரம்பத்தைப் பற்றியும் அவ்வாறே கேட்கலாம்.

இதற்கு ஜப்பானியர் செய்கையால் விடை சொல்லியிருக்கின்றனர். ஈசே என்னுமிடத்துக் கோயிலை அவர்கள் 20 ஆண்டுக்கு ஒரு முறை பக்கத்து மனையில் முற்றும் புதிதாகக் கட்டுகின்றனர். 2013ஆம் ஆண்டில் நடந்தது 62ஆவது முறை. மரத்தில் பழையது என்று பெரிதும் ஒன்றும் எஞ்சுவதில்லை. ஆனால் மூத்த தச்சன் இளைய தச்சனுக்குக் கைவேலையைக் கற்பிக்க 20 ஆண்டு போதிய இடைவெளி. நிலைத்து நிற்பது மரமன்று, தெரிந்து வைத்திருக்கும் கை. சுங்கை காடுட் பட்டறையிலும் இதுவே நடந்தது. பெரியவர் விரலில் மட்டும் இருந்த அறிவு அந்த இரண்டு நாளில் மூன்று பேருக்குப் போய்ச் சேர்ந்தது. பித்தளைப் பல்லைக் காட்டிலும் அதுவே பெரிய லாபம்.

இதுவரை பொருளை உடையவனின் கடமையைப் பேசினோம். ஆக்கியவனுக்குக் கடமை இல்லையா? பொருளைச் சாகும்படி செய்து விற்கும் வித்தை புதியதன்று. 1924ஆம் ஆண்டில் உலகத்துப் பெரிய மின்விளக்குக் கம்பெனிகள் ஜெனீவாவில் 'ஃபீபஸ்' என்னும் பெயரால் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டு, விளக்கின் ஆயுளை 1000 மணி நேரத்துக்குக் குறைத்தன. அதற்குமேல் எரியும் விளக்கைச் செய்த கம்பெனி அபராதம் கட்டியது. 1932இல் பெர்னார்ட் லண்டன் என்பவர் நியூயார்க்கில் ஒரு சிறு நூல் வெளியிட்டார். ஒவ்வொரு பொருளுக்கும் அரசாங்கம் ஆயுள் விதிக்கவேண்டும். ஆயுள் கடந்த பொருளை வைத்திருப்பவனிடம் வரி வாங்கவேண்டும். அப்போதுதான் வியாபாரம் செழிக்கும் என்பது அவர் யோசனை. அந்த வரி சட்டமாகவில்லை. ஆனால் உதிரிப் பாகம் கேட்டுக் கடை கடையாக அலையும் ஏழைத் தச்சன் அதனை வேறு பெயரால் கட்டிக்கொண்டே இருக்கிறான்.

இதற்கு மாறான உதாரணமும் நம் கண்முன் உண்டு. தேக்கா நிலையத்தின் மேல்மாடியில் துணி திருத்தும் தையற்காரரைப் பாருங்கள். தையல் யந்திரத்தை யார் செய்திருந்தாலும், பொதுவான அளவில் அமைந்த ஊசியும் பாபினும் பற்பல நாடுகளில், பற்பல கம்பெனிகளால் செய்யப்படுகின்றன. செய்தவன் கடையை மூடினாலும் யந்திரம் அநாதையாவதில்லை. அளவைப் பொதுவாக்கியவன், தனக்குப் பின்னும் தன் பொருள் வாழ வழிவிட்டவன். ஒரு மாதிரியை நிறுத்தும் உரிமை கம்பெனிக்கு உண்டு. ஆனால் நிறுத்தும் நாளில் அதன் படத்தையும் அளவையும் வெளியிட்டுவிட்டால் அதற்கு என்ன நஷ்டம்? தான் செய்யாத பாகத்தைப் பிறன் செய்யக்கூடாது என்று மறைத்து வைப்பது, தான் உண்ணாததைப் பிறன் உண்ணலாகாது என்பதை ஒக்கும்.

நாடுகள் சில இதனை உணரத் தொடங்கியிருக்கின்றன. பிரான்ஸ் தேசத்தில் 2021 முதல் சில மின்சாதனங்களுக்கு, எவ்வளவு எளிதில் பழுதுபார்க்கலாம் என்று மதிப்பெண் எழுதி விற்கவேண்டும். இந்திய அரசாங்கம் 2022இல் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையவாசலைத் திறந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல், குறிப்பிட்ட பொருள்களைச் செய்வோர் நியாயமான விலைக்குப் பழுதுபார்த்துத் தரவேண்டும் என்று விதி செய்தது. மரப்பட்டறை ரம்பம் அந்தப் பட்டியலில் இல்லை. எனினும் திசை நல்ல திசை.

சிங்கப்பூருக்கு இக்கேள்வி பிற நாடுகளைவிட நெருக்கமானது. பெரிய தேசத்தில் ஒரு பொருளை எறிந்தால் அது கண்ணுக்கு மறையும். தீவில் 'வெளியே' என்று ஓர் இடம் கிடையாது. எரித்த குப்பையின் சாம்பல் செல்லும் இடம் 1999இல் திறந்த செமக்காவ் குப்பை நிலம் ஒன்றே. அதுவும் 2035 அளவில் நிரம்பிவிடும் என்று அரசாங்கம் கணித்துள்ளது. மின்சாதனக் குப்பை மட்டும் ஆண்டுக்குச் சுமார் 60,000 டன் சேருகிறது.

சிராங்கூன் சாலைக்குக் கூப்பிடு தூரத்தில் சுங்கை ரோடு பழஞ்சாமான் சந்தை 1930களிலிருந்து இருந்தது. கழன்ற சக்கரமும் ஒற்றைத் திருகும் தரையில் விரித்துக் கிடக்கும்; வேறெங்கும் கிடையாத பாகம் அங்கே கிடைக்கும் என்று தச்சரும் தையற்காரரும் நம்பிச் சென்றனர். 2017ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாளோடு அது மூடப்பட்டது. நகரம் வளரும்போது தெருச்சந்தை இடம்பெயர்வது இயல்பே. ஆனால் அதனோடு, "எந்தக் குப்பையிலும் யாருக்கோ வேண்டிய பாகம் இருக்கும்" என்ற நினைவும் போய்விடலாகாது. அந்நினைவு முற்றும் போகவில்லை என்பதற்கு 2014இல் இங்கே தொடங்கிய 'ரிப்பேர் கோப்பித்தியாம்' இயக்கம் சாட்சி. தொண்டர்கள் குடியிருப்புகளின் கீழ்த்தளத்தில் அமர்ந்து, பழுதான பொருளைக் கொண்டுவருவோருக்கு உதவுகின்றனர். உடையவனையும் பக்கத்தில் அமர்த்தி, அவன் கையாலேயே பழுதுபார்க்கக் கற்பிக்கின்றனர். அடுத்த கைக்கு அறிவைச் சேர்ப்பது என்று நான் சொன்னதும் இதுவே.

கடைசியாக, என் தொழிலைச் சார்ந்த ஒரு விஷயம். தோட்டத்துச் சாமான் பேரேட்டில் நான் கண்ட பத்திகள் மூன்று: வாங்கியது, கொடுத்தது, கண்டம் செய்தது. ஒரு பொருளின் பிறப்பும் இறப்பும் அதில் உண்டு, வாழ்வு இல்லை. துடைத்தது, திருகு இறுக்கியது, பல் மாற்றியது ஆகியவற்றுக்குப் பத்தி கிடையாது. பத்தி இல்லாத வேலைக்குக் கூலி கேட்க முடியாது. கூலி கேட்க முடியாத வேலைக்கு மதிப்புப் பிறக்காது. இவ்வாறே காலமெல்லாம் யந்திரத்தைக் காத்த கிழவனும், வயதானபின் "உபயோகமற்றது" என்னும் பத்தியின் அருகே தானும் வந்து நிற்கிறான். பேரேட்டின் குறை சிறிதன்று. எதை எழுத இடம் வைக்கிறோமோ அதையே நாளடைவில் உண்மை என்று நம்பத் தொடங்குகிறோம்.

ஆகையால் தோட்டத்திலும் நகரத்திலும் உள்ள அன்பர்களுக்கு என் வேண்டுகோள் இதுவே. உங்கள் வீட்டிலோ பட்டறையிலோ உங்கள் கைக்கு மட்டும் அடங்கும் பொருள் ஏதேனும் இருந்தால், அதன் ஆப்பைப் பிடுங்கிவிட்டுத் திறந்து பாருங்கள். செப்பனிட முடியுமாயின், செய்ததை ஒரு சீட்டில் எழுதி அதன் உட்புறத்தில் ஒட்டுங்கள். சுங்கை காடுட் பெரியவர் அவ்வாறே செய்தார்: எந்தப் பல் புதிது, எந்தத் திருகாணியை மாதம் ஒரு முறை பார்க்கவேண்டும், எதைத் தடவலாகாது என்று தமிழில் எழுதினார்; மருமகன் அதனை ஆங்கிலத்திலும் எழுதிச் சேர்த்தான். முடியாதாயின், வெட்கப்படாமல் எறியுங்கள். பிறர் எடுத்து ஓட்டாதபடி உடைத்து எறியுங்கள்.

நாம் தொடும் பொருள் ஒவ்வொன்றையும் நமக்கு முன் ஒருவன் தொட்டிருக்கிறான். நமக்குப் பின் ஒருவன் தொடப்போகிறான். முன்னவன் யார் என்று பல சமயம் நமக்குத் தெரியாது. பின்னவன் யார் என்று ஒருபோதும் தெரியாது. தெரியாதவனுக்குச் செய்யும் கடமையில் முகஸ்துதி இல்லை, கைம்மாறு இல்லை. செப்பனிடுவோன் பெயர் யந்திரத்தில் பொறிக்கப்படாமற் போனாலும், அதைத் தொட்டு எடுத்த கை பத்து விரலோடு வீடு திரும்புமாயின், அந்தக் கடமை நிறைவேறியதாகும்.